அத்தைக்கு எலும்பு ட்ரிப்ஸ்: ஏற்றுவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 67, எடை 46 கிலோ. ஒன்றரை மாதம் முன்பு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுருக்கென்று பிடித்தது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பாலக்காட்டில் பார்த்த டாக்டர், வருடத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் சொலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் போடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அதே ஊசி போட்டு மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்பதால் அத்தை பயப்படுகிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த குறிப்பு மலையாளத்தில் இருக்கிறது. நான் பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பேசினால் புரியும், வாசிக்க வராது. ரத்தத்தில் கிரியாட்டினின் 0.9, கால்சியம் 8.9, வைட்டமின் டி 14. பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, வலிக்கு டைக்ளோஃபெனாக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. கர்க்கடகத்தில் (ஆடி மாதம்) உழிச்சல், அதாவது எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவும் சிகிச்சை, செய்யலாமா என்றும் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வயது, எடை, மாத்திரைப் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடிகிறது. அத்தைக்கு இந்த மருந்து தேவை. ஆனால் இன்றைய நிலையில் அப்படியே கொண்டுபோய் ஏற்றிவிடக் கூடாது. சரிசெய்ய வேண்டியவை மூன்று: வலி மாத்திரை, வைட்டமின் டி, ஆடும் பல். நீங்கள் பயப்படும் காய்ச்சலைவிட இந்த மூன்றும் பெரிய விஷயங்கள்.

முதலில் ஏன் தேவை என்பது. குடம் தூக்கியதற்கே முதுகெலும்பு நசுங்குகிறது என்றால் எலும்பு உள்ளுக்குள் பஞ்சாகிவிட்டது என்று அர்த்தம். இதை எலும்புப்புரை என்கிறோம். முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. ஒரு கட்டை நசுங்கியவருக்கு அடுத்த ஓரிரு ஆண்டில் இன்னொன்று நசுங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை வீதம் மூன்று ஆண்டு இந்த மருந்து ஏற்றியவர்களுக்கு முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. காய்ச்சலுக்குப் பயந்து இதை வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இப்போது அவசரமான விஷயம்: டைக்ளோஃபெனாக். ஏற்றிய மருந்தில் ஒரு பகுதி எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மீதி, ஏறக்குறைய 40 சதவீதம், ஒரே நாளில் சிறுநீரகம் வழியாகச் சிறுநீரில் வெளியேறும். ஆக அந்த ஒரு நாள் சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். அத்தையின் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு, 0.9 என்று பார்த்ததும் நார்மல் என்று தோன்றும். லேப் தாளிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். ஒல்லியான வயதானவர்களுக்கு அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. தசை குறைவாக இருப்பதால் கிரியாட்டினின் குறைவாகத்தான் காட்டும்.

கணக்கு இப்படிப் போட வேண்டும். 140-லிருந்து வயதைக் கழியுங்கள்: 73. அதை எடையால் பெருக்குங்கள்: 3358. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 2854. அதை 72 பெருக்கல் கிரியாட்டினின், அதாவது 64.8-ஆல் வகுத்தால் 44 வருகிறது. சிறுநீரகம் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு 44 மில்லி. இதற்குக் கிரியாட்டினின் கிளியரன்ஸ் என்று பெயர். இந்த எண் 35-க்குக் கீழே போனால் இந்த மருந்தை ஏற்றக் கூடாது. 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் விவரங்களைப் பார்த்துவிட்டு, அந்த எல்லையை மருந்தின் குறிப்பிலேயே தடையாகச் சேர்க்க வைத்தது. அத்தை எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார், ஆனால் தூரமில்லை. உடம்பில் தண்ணீர் வற்றி கிரியாட்டினின் 1.2 ஆனால் போதும், அதே கணக்கு 33 என்று வரும்.

அந்த 1.2-க்குக் கொண்டுபோகக் கூடிய வழி அவர் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. சிறுநீரக வடிகட்டியை ஒரு வாய்க்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், தண்ணீர் உள்ளே வரும் மதகைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டன் வெளியே போகும் மதகைத் திறந்துவிடுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு வாய்க்காலில் இருக்கும் தண்ணீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. அதன்மேல் பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். பதிலுக்கு பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல். கல்லீரல் தொந்தரவு இருந்தால் இந்த அளவும் கூடாது, டாக்டரைக் கேளுங்கள். வலி அடங்கவில்லை என்றால் வேறு மாத்திரை அவர் எழுதித் தரட்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டாம். கடையில் 'மைல்டா ஒண்ணு குடுங்க' என்றால் பெரும்பாலும் அசிக்குளோஃபெனாக் கலந்ததைத்தான் கொடுப்பார்கள். அதுவும் இதே இனம். போதாக்குறைக்கு அதற்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கும், அளவு தெரியாமல் இரட்டிப்பாகிவிடும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள பெயர்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ட்ரிப்ஸ் நாளன்று காலையில் அதைப் போடலாமா, தள்ளி வைக்கலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் நின்று ஒரு வாரமாவது ஆன பிறகு கிரியாட்டினின் மறுபடி எடுங்கள். அந்த எண்தான் உண்மையான எண்.

அடுத்தது வைட்டமின் டி. 14 என்பது குறைவு. ட்ரிப்ஸுக்கு முன் 20-ஐத் தாண்ட வேண்டும், 30 இருந்தால் நிம்மதி. (சில லேப்கள் வேறு அளவில் தரும், நானோமோல் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் வகுத்துப் பாருங்கள்.) காரணம் இது. எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வருவதை இந்த மருந்து சட்டென்று அடைத்துவிடுகிறது. வைட்டமின் டி இல்லாதவருக்குச் சாப்பாட்டிலிருந்தும் கால்சியம் சரியாக ஏறாது. இரண்டு வழியும் அடைபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் எறும்பு ஊர்வது, கை கால் இழுத்துப் பிடிப்பது எல்லாம் அதனால் வருபவை. அத்தையின் கால்சியம் இப்போது 8.9, சரியாகவே இருக்கிறது. ஆனால் எலும்பைக் கரைத்துத்தான் உடம்பு அந்த அளவைக் காப்பாற்றி வருகிறது.

வழக்கமாகக் கொடுப்பது வைட்டமின் டி3 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக ஏறும், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது ஆடை எடுக்காத பாலில். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்: வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதை நாளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டம் போட்டு வையுங்கள், போட்டதும் அடித்துவிடுங்கள். எலும்பு முறிந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது, ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. எட்டு வாரம் முழுக்கக் காத்திருப்பதா, வேகமாக ஏற்றிவிட்டு முன்னதாகப் போடுவதா என்பதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

கால்சியம் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 முதல் 1200 மில்லிகிராம் போக வேண்டும். இரண்டு டம்ளர் பாலில் ஏறக்குறைய 480, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவுக் கூழில் 170 கிடைக்கும். மீதிக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, மத்தி இருந்தால் இன்னும் நல்லது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் நான்கு மணி நேரம் தள்ளி. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம்தானே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சிறு பூச்சு கணக்கில் வராது.

வெற்றிலை என்றதும் பல் விஷயம். பல் பிடுங்கிய குழியை எலும்பு புதுப்பித்து மூட வேண்டும். இந்த மருந்து அந்தப் புதுப்பித்தலை மெதுவாக்கும். மிக அரிதாகத் தாடை எலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் போகும். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் இது பத்தாயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு. புற்றுநோய்க்காக மாதாமாதம் ஏற்றுபவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஆடும் பல்லை வைத்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பிடுங்குவது தேவையில்லாத தொந்தரவு. இந்த வாரமே பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஈறு முழுக்க மூடியதை அவர் வாயைத் திறந்து பார்த்துச் சொன்ன பிறகு ட்ரிப்ஸ் தேதி வாங்குங்கள். வைட்டமின் டி ஏறும் வாரங்களிலேயே குழியும் ஆறிவிடும், தனியாக நாள் வீணாகாது. புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். கட்டுப்பல் வைத்திருந்தால் எங்காவது உரசிப் புண்ணாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ட்ரிப்ஸ் நாள். இதற்கு வெறும் வயிறு வேண்டாம். இட்லியோ கஞ்சியோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். முந்தின நாள் முழுக்க இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர், மோர், கஞ்சித்தண்ணீர் எதுவாக இருந்தாலும் சரி. இதய பலவீனத்துக்காகத் தண்ணீர் அளவு குறைத்திருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு, பயணம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வழியில் பாத்ரூம் கிடைக்காது என்று. இந்த மருந்துக்கு அது நேர் எதிரானது. வேண்டுமானால் வண்டியில் கொஞ்சமாகக் குடிக்கட்டும், ஆஸ்பத்திரி போய் இறங்கியதும் உட்கார்ந்து இரண்டு பெரிய டம்ளர் குடிக்க வையுங்கள். அங்கே பாத்ரூம் இருக்கிறது. பஸ்ஸில்தான் போவதென்றால் பின் சீட்டு வேண்டவே வேண்டாம். ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் நசுங்கிய கட்டைக்கு அதுவே போதும்.

பாட்டிலைத் தொங்கவிட்டதும் லேபிளைப் பாருங்கள். 5 மில்லிகிராம், 100 மில்லி என்று இருக்க வேண்டும். இதே பெயரில் 4 மில்லிகிராம் சிறு குப்பியும் உண்டு. அது முக்கியமாகப் புற்றுநோயாளிகளுக்கானது. அதைத்தான் போடப் போகிறார்கள் என்றால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரிங்கர் லாக்டேட் மாதிரி கால்சியம் உள்ள திரவத்தோடு ஒரே குழாயில் இது சேரக் கூடாது. பக்கத்தில் வேறு பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் நர்ஸ் சிஸ்டரிடம் கேளுங்கள்.

வேகம் முக்கியம். 15 நிமிடத்துக்குக் குறைந்து ஏறவே கூடாது. வேகமாக ஏறினால் சிறுநீரகத்தில் ஒரே நேரத்தில் மருந்து குவியும். அத்தையின் எண் 44 என்பதால் 30 நிமிடம் ஓடவிடச் சொல்லிக் கேட்கலாம், நான் அதைத்தான் விரும்புவேன். உங்கள் செல்போன் கடிகாரத்தில் நீங்களே பார்க்கலாம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 30 நிமிடத்துக்கு நிமிடம் சுமார் 67 சொட்டு, அதாவது 15 விநாடியில் 17 சொட்டு. சொட்டுகளை எண்ணவே முடியாமல் கோடாக ஓடினால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். கையை மடக்கி நீட்டினால் வேகம் மாறும். தலையணை மேல் நேராக வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த காய்ச்சலுக்கு வருவோம். அவர் சொன்னது பொய்யல்ல. முதல் தடவை ஏற்றுபவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வரும். மருந்து ரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளணுக்களை உசுப்பிவிடுகிறது, உடம்பு ஏதோ கிருமி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. காலையில் ஏற்றினால் அன்று ராத்திரியோ மறுநாளோ குளிர், 100 முதல் 102 டிகிரி, தலைவலி, அடித்துப் போட்டது மாதிரி உடம்புவலி எல்லாம் வரும். பெரும்பாலும் மூன்று நாளில் போய்விடும். அடுத்த ஆண்டு நூற்றுக்கு ஏழு பேர், மூன்றாம் ஆண்டு மூன்று பேர் என்று குறைந்துவிடும். முதல் தடவை வந்ததற்காக மருந்தையே கைவிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கஷ்டமான தடவை முடிந்த பிறகுதானே விடுகிறார்கள்!

காய்ச்சல் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். ட்ரிப்ஸ் முடிந்து முக்கால் மணி நேரத்தில் பாராசிட்டமால் 650 ஒன்று, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக மூன்று நாள், நாளுக்கு நான்குக்கு மேல் இல்லாமல். ஏற்கெனவே முதுகுவலிக்குப் போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும், தனியாக இல்லை. ஈரத்துணி, கஞ்சி, ஓய்வு. இப்யூபுரூஃபென் எடுத்தால் சீக்கிரம் அடங்கும் என்று யாராவது சொல்வார்கள். அத்தைக்கு அது கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

அந்த இரண்டு ராத்திரி நீங்கள் யாராவது அவர் அறையிலேயே படுங்கள். காய்ச்சலின் பெரிய ஆபத்து காய்ச்சலே அல்ல. நடுங்கிக்கொண்டு இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து, தலை சுற்றி, ஈரத் தரையில் வழுக்குவதுதான். எலும்பைக் காக்கப் போட்ட மருந்தால் இடுப்பு முறியக் கூடாது. விளக்கு எரியட்டும், கால்மிதியை எடுத்துவிடுங்கள், கட்டிலருகில் ஒரு வாளியோ கமோடு நாற்காலியோ வையுங்கள். தேதி வாங்கும்போதே அடுத்த மூன்று நாள் வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பாருங்கள். சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவுக்கு முந்தின நாள் மாதிரி எல்லோரும் வெளியே போகிற சமயம் வேண்டாம்.

மூன்று நாளுக்குப் பிறகும் காய்ச்சல் அடங்கவில்லை, அல்லது நான்காம் நாள் புதிதாக வந்தது என்றால் 'ஊசிக் காய்ச்சல்' என்று தள்ளாதீர்கள். நம் பக்கம் எலிக்காய்ச்சலும் டெங்குவும் உண்டு. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது, மஞ்சள் எது இருந்தாலும் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு நாள் கடத்துவதே ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும் ட்ரிப்ஸ் போட்ட தேதியையும் சொல்லுங்கள்.

கண் வலித்துச் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் கண் டாக்டரிடம் போங்கள். இந்த மருந்து கண்ணுக்குள் அழற்சி உண்டாக்குவது அரிது, ஆனால் மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கினால் பார்வைக்கே கேடு. நெஞ்சு படபடத்து நாடி தாறுமாறாக ஓடினாலும், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. கால்சியம் அதிகமாக இறங்குவது ஒன்பது முதல் பதினோராம் நாள் வாக்கில். காய்ச்சல் போய்விட்டது என்று அந்தச் சமயத்தில் கால்சியம் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

உழிச்சல் பற்றி. முதுகெலும்பு நசுங்கியவருக்கு முதுகில் அழுத்தித் தேய்ப்பதும் காலால் மிதிப்பதும் கூடவே கூடாது, இந்தக் கர்க்கடகத்திலும் சரி, இனி எப்போதும் சரி. கை காலுக்கு எண்ணெய் தடவி இதமாக நீவுவதில் தவறில்லை. கர்க்கடகக் கஞ்சி குடிக்கலாம். கஷாயம், அரிஷ்டம், சூரணம் என்று உள்ளே போகிறவற்றை ட்ரிப்ஸுக்கு முந்தின இரண்டு வாரமும் பிந்தின இரண்டு வாரமும் நிறுத்தி வைத்து, பாட்டிலை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றைச் சிறுநீரகத்துக்கு அந்த நாட்களில் கொடுக்க வேண்டாம்.

புதிதாக எடுக்கும் கிரியாட்டினினில் கணக்கு 35-க்குக் கீழே வந்தால் மனம் தளர வேண்டாம். தோலுக்கடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசி இருக்கிறது. ஆனால் அதற்கும் கால்சியமும் வைட்டமின் டி-யும் முதலில் சரியாக வேண்டும். சிறுநீரகம் மோசமாக இருப்பவர்களுக்கு அதில் கால்சியம் இன்னும் கடுமையாக இறங்கும். ஆரம்பித்துவிட்டால் ஒரு தவணையும் தள்ளக் கூடாது, நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம். அதைப் போகிற போக்கில் முடிவு செய்யாதீர்கள்.

மலையாளக் குறிப்பை நர்ஸ் சிஸ்டரிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, நீங்கள் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே தாளில் மருந்தின் பெயர், அளவு, ஏற்றிய தேதி, அன்றைய கிரியாட்டினின் எல்லாம் இருக்கட்டும். பொள்ளாச்சியில் ஒரு டெஸ்ட், பாலக்காட்டில் ஒரு டெஸ்ட் என்று இரண்டு பக்கமும் ஓடுகிற வீடுகளில் அந்த ஒரு தாள்தான் கைகொடுக்கும். அடுத்த ஆண்டு ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு கிரியாட்டினின், கால்சியம் மறுபடி எடுக்க வேண்டும். மூன்று தடவை முடிந்ததும் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். இந்த ஆண்டுகளில் எப்போதாவது தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாத மந்தமான வலி வாரக்கணக்கில் இருந்தால், முழங்கால் வலி என்று தைலம் தேய்க்காமல் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.